வெயில் காயாத நாளிலும் போடலாம்: வினிகர் மிளகாய், முதல் வெட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் மோர் மிளகாய் போடுவது வானத்தோடு போடும் பந்தயம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். மிளகாயைக் கீறி, மோரில் ஊறவைத்து, மாடியில் பரப்பி முடிக்கும்போதுதான் வேளிமலைப் பக்கம் கறுக்கும். அரைகுறையாகக் காய்ந்த மிளகாயில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். இதனால்தான் வருடத்தில் பாதி நாள் எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமான மிளகாய் ஊறுகாய் வினிகரில் போடுவது என்று நான் சொல்வேன். இதற்கு வெயில் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தாளிப்பும் வேண்டாம். அடுப்பு வேலை பத்து நிமிடம். மறுநாள் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

ஃபாஸ்ட்ஃபுட் கடை மேசையில் சின்னக் கிண்ணத்தில் பச்சை மிளகாய் வட்டங்கள் வினிகரில் மிதக்குமே, அடிப்படையில் அதுதான் இது. ஆனால் கடையில் வைப்பது அன்றைக்குப் போட்டு அன்றைக்கே தீர்வது. வீட்டில் நாம் போடப்போவது ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம் நிற்க வேண்டும். அதனால் கடைக்காரர் கவலைப்படாத ஒரு விஷயத்தில் நாம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. அது புளிப்பின் அளவு. அதையே முதலில் பேசிவிடுகிறேன். மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் ருசிதான் மாறும். இது தவறினால் ஊறுகாயே கெடும்.

வினிகர் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

வினிகர் என்பது தண்ணீரில் கரைந்த அசிடிக் அமிலம். அந்த அமிலம் எத்தனை சதவீதம் என்று பாட்டிலில் போட்டிருப்பார்கள். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க, ஐரோப்பியக் குறிப்புகள் பெரும்பாலும் 5 சதவீத வினிகரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதனால்தான் ‘ஒரு கப் வினிகர், ஒரு கப் தண்ணீர்’ என்று தைரியமாகச் சொல்கிறார்கள். நம்மூர்ச் சட்டப்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அமிலம் இருந்தால் போதும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதில் சரிபாதி தண்ணீர் கலந்தால் 2 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் மிளகாயிலிருக்கும் நீரும் அதோடு சேரும். மிளகாயின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

எனவே கணக்கு இப்படி: பாட்டிலில் 5 சதவீதம் என்று இருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு. 4 சதவீதம் என்று இருந்தால் இரண்டு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர். எதுவுமே எழுதாத பாட்டிலாக இருந்தால் வாங்காதீர்கள். ‘புளிப்பு அதிகமாகத் தெரிகிறதே, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாமா’ என்று கை நீளும். விடக்கூடாது. புளிப்பைத் தணிக்கச் சர்க்கரை சேர்க்கலாம், உப்பைக் கூட்டலாம். தண்ணீரை மட்டும் கூட்டக்கூடாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பச்சை மிளகாய்க்கு இயல்பில் புளிப்பு குறைவு. பூண்டுக்கும் அப்படியே. காற்றுப் புகாத பாட்டிலுக்குள், புளிப்பு போதாத இடத்தில் வளரக்கூடிய கிருமி ஒன்று உண்டு. போட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சு வருவது அதனால்தான். அந்த நச்சை மணத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி முளைத்து வளராது. மேலே சொன்ன கலவை அந்த எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளியே நிற்கும். ஃப்ரிட்ஜின் குளிர் இரண்டாவது காவல். இரண்டும் சேர்ந்திருந்தால் பயமே வேண்டாம்.

எந்த வினிகர்? ‘செயற்கை வினிகர், அசிடிக் அமிலத்திலிருந்து தயாரித்தது’ என்று எழுதிய மலிவான வெள்ளை வினிகரும் இதற்குப் போதும். வாசனை கொஞ்சம் மூக்கைக் குத்தும், அவ்வளவுதான். புளிக்கவைத்துத் தயாரித்த வினிகர் கிடைத்தால் ருசி மென்மையாக இருக்கும். ஆப்பிள் சிடர் வினிகர் நிறத்தைக் கலக்கினாலும் காந்தாரி மிளகாயோடு நன்றாக ஒத்துப்போகும். தேங்காய்த் தண்ணீரிலிருந்து வீட்டில் தயாரித்த வினிகர் வைத்திருப்பவர்கள் அதை மீன் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் புளிப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். நாக்கால் அளந்து சதவீதம் சொல்ல யாராலும் முடியாது. எலுமிச்சைச் சாற்றுக்கும் இதே பதில்தான்.

குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் அங்கே பல வீடுகளில் கேனில் இருக்கும். பெரும்பாலும் அது ஃபார்மிக் ஆசிட். சிலர் அசிடிக் ஆசிடும் வைத்திருப்பார்கள். ‘அதுவும் அசிடிக் தானே, தண்ணீர் கலந்தால் வினிகர் ஆகாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. தோட்டத்து ஆசிட் உணவுக்குத் தயாரித்ததே அல்ல. ஃபார்மிக் ஆசிட் தோலையே பொசுக்கிவிடும். இரண்டையும் சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள். காலி வினிகர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட ஆபத்து.

மிளகாய் எடுக்கும் விதம்

முதல்முறை போடுகிறவர் பஜ்ஜி மிளகாயில் ஆரம்பிக்கலாம். சதை தடிமன், காரம் குறைவு, வட்டமாக வெட்டினால் அழகு. பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். அடுத்த நிலை, வழக்கமான நீளப் பச்சை மிளகாய். இதில் சந்தைக்குச் சந்தை, வாரத்துக்கு வாரம் காரம் மாறும். நீர் பாய்ச்சாமல் வாடவிட்ட செடியில் பறித்தது கூடுதலாகக் காரும். பாதி பழுத்துச் சிவப்பேறிய மிளகாய் கிடைத்தால் விடாதீர்கள். பச்சையோடு கலந்து போட்டால் பாட்டில் பார்க்கவே நன்றாக இருக்கும். பழுத்ததில் இயல்பாகவே ஒரு இனிப்பும் உண்டு.

எங்கள் பக்கத்து ராஜா காந்தாரிதான். விரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம், செடியில் வானம் பார்த்து நிற்கும். வெள்ளை, பச்சை, ஊதா என்று நிறங்கள் உண்டு. பழுத்தால் எல்லாம் சிவப்பு. யாரும் விதைக்காமலேயே வேலியோரத்தில், தென்னை மூட்டில், கிணற்றடியில் முளைத்திருக்கும். விதைப்பது பறவைகள். மிளகாயில் காரத்தைத் தருகிற காப்சைசின் என்ற பொருள் பாலூட்டிகளின் வாயைத்தான் எரிக்கும், பறவைகளுக்கு அது உறைக்காது. பழத்தைத் தின்று விதையை எங்காவது போட்டுவிட்டுப் போகும். பழுக்கவிட்டால் பறவைக்கு, காயிலேயே பறித்தால் நமக்கு.

வடசேரி சந்தையிலோ கருங்கல், மார்த்தாண்டம் சந்தையிலோ வாங்கும்போது மிளகாயைப் பார்ப்பதற்கு முன் காம்பைப் பாருங்கள். “காம்பப் பாரு மக்களே, வாடியிருக்கா?” என்று விற்கிற அம்மாவே சொல்லுவார்கள். பச்சையாக விறைத்து நிற்கும் காம்பு என்றால் பறித்து அதிக நேரம் ஆகவில்லை. காம்பு கறுத்திருந்தாலோ, மிளகாயை மடக்கினால் சத்தமில்லாமல் வளைந்தாலோ, அதைக் குழம்புக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஊறுகாய் மொறுமொறுவென்று வருவதும் தொளதொளவென்று வருவதும் இங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது. சுருங்கிய மிளகாயை எந்த வினிகராலும் நிமிர்த்த முடியாது. மழை நாளில் பைக்குள் ஈரத்தோடு கட்டிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பிரித்துத் துணியில் பரப்பிவிடுங்கள். வாங்கிய அன்றோ மறுநாளோ போட்டுவிடுவது நல்லது.

அளவுகள்

முக்கால் லிட்டர் கண்ணாடி பாட்டில் ஒன்றுக்கு நான் எடுப்பது:

மிளகாய் 250 கிராம்
4 சதவீத வினிகர் 250 மில்லி
கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 125 மில்லி
உப்பு 15 கிராம்
சர்க்கரை இரண்டு தேக்கரண்டி
பூண்டு ஆறு பல்
நல்லமிளகு (கருப்பு மிளகு) ஒரு தேக்கரண்டி
கடுகு அரைத் தேக்கரண்டி
கிராம்பு இரண்டு

உப்பை எடை போட்டே எடுங்கள். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருக்காது. சாமிதோப்பு, புத்தளம் பக்கத்து உப்பளங்களிலிருந்து வரும் கல்லுப்பு இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் அதில் மண்ணும் தூசியும் கொஞ்சம் இருக்கும். எனவே தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிச் சேர்க்க வேண்டும். பாக்கெட் தூளுப்பு போட்டாலும் கெட்டுப்போகாது. கட்டிபிடிக்காமல் இருக்க அதில் கலக்கும் பொருளால் ஊறுகாய்த் தண்ணீர் லேசாகக் கலங்கும், கண்ணாடி போலத் தெளிவாக இராது.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்றால், போடலாம். நிறம் பழுப்பாகிவிடும். ஆனால் காந்தாரிக்கும் கருப்பட்டிக்கும் அப்படி ஒரு பொருத்தம். சீவி எடுத்து, சூடான கலவையில் கரைத்து, வடிகட்டினால் போதும். பஜ்ஜி மிளகாய்க்கு வேண்டாம், அதற்கு வெள்ளைச் சர்க்கரைதான் சரி. சர்க்கரையே பிடிக்காதவர்கள் முழுக்க விட்டுவிடலாம். இங்கே அது ருசிக்குத்தான், காப்பதற்கு அல்ல.

கிராம்பு நம் மலையிலேயே விளைகிறது. மாறாமலைப் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நல்ல கிராம்பை நகத்தால் கீறினால் எண்ணெய் கசியும். அப்படிப்பட்டது இரண்டுக்கு மேல் போனால் ஊறுகாயில் பல்வலி மருந்து வாசம் வந்துவிடும். மசாலாப் பொருட்களை முழுதாகவே போடுங்கள். தூள் எதுவும் வேண்டாம், மஞ்சள் தூள்கூட. அடியில் சேறு மாதிரி படியும். வெந்தயம் பிடிக்கும் என்றால் நாலைந்து மணி மட்டும். கறிவேப்பிலை போட்டால் வாசம் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டே நாளில் இலை கறுத்து அசிங்கமாகத் தெரியும். நான் போடுவதில்லை.

பாட்டில், பாத்திரம்

வினிகரைக் கொதிக்கவைக்க எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். அலுமினியம், பித்தளை, செம்பு, இரும்பு எதுவும் கூடாது. அமிலம் உலோகத்தை அரித்து உணவில் கலந்துவிடும். ஊறவைக்கக் கண்ணாடி பாட்டில் நல்லது. பாட்டி காலத்துப் பீங்கான் பரணியை எடுக்க ஆசை வரும். மேல்பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழை வெடிப்புகளுக்குள் பழைய ஊறுகாயின் எச்சம் ஒளிந்திருக்கும். மேலும் இது ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியது, பரணி உள்ளே நுழையாது. பரணியை மாங்காய்க்கு விட்டுவிடலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலோ ஜாம் பாட்டிலோ போதும். தகர மூடி என்றால் வினிகர் ஆவியில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி இல்லாவிட்டால் மூடிக்கும் பாட்டிலுக்கும் நடுவே பட்டர் பேப்பர் ஒன்றை மடித்து வையுங்கள்.

பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவி, பெரிய பாத்திரத்தில் தண்ணீரில் முழுக அமிழ்த்தி, கொதித்த பின் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் வைத்தே அடுப்பை மூட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் திடீரென்று போட்டால் விரியும். எடுத்துக் கவிழ்த்து உலரவிடுங்கள். துணியால் உள்ளே துடைக்க வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் கைகளைக் காப்பாற்றுங்கள்

மருந்துக் கடையில் கிடைக்கும் கையுறை ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கால் கிலோ காந்தாரியை வெறும் கையால் கையாண்டவர்களுக்கு அந்த இரவு எப்படிப் போகும் என்று தெரியும். காப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். எரிகிற கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டே நின்றாலும் பயன் இல்லாததற்குக் காரணம் அதுதான். தேங்காய் எண்ணெயைக் கையில் தாராளமாகத் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். இரண்டு முறை செய்தால் பெரும்பாலும் அடங்கும். கண்ணில் பட்டால் எண்ணெய் கிண்ணெய் எதுவும் வேண்டாம். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்கு வேறு யாரையாவது வெட்டச் சொல்லுங்கள்.

மிளகாயை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பருத்தித் துணியில் பரப்பி, ஈரம் முழுதும் போகும்வரை மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். காம்பு சேரும் குழியில் நீர் தங்கியிருக்கும், அதைப் பார்த்துத் துடையுங்கள். புள்ளி விழுந்தது, புழு துளைத்தது, கறுத்தது எல்லாம் வெளியே. ஒன்றிரண்டுதானே என்று விடக்கூடாது.

பஜ்ஜி மிளகாயையும் நீள மிளகாயையும் காம்பு கிள்ளி, அரை சென்டிமீட்டர் தடிமனில் வட்டமாக வெட்டுங்கள். அதை விட மெல்லியதாக வெட்டினால் ஒரு வாரத்தில் துவண்டுவிடும். காரம் குறைய வேண்டுமென்றால் நீளவாக்கில் பிளந்து, உள்ளே விதைகளைத் தாங்கி நிற்கும் வெள்ளைத் தண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வெட்டுங்கள். காரம் விதையில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் அதிகம். உண்மையில் அது உற்பத்தியாவது அந்த வெள்ளைப் பகுதியில். விதை அதை ஒட்டியே இருப்பதால் அதற்கும் ஒட்டிக்கொள்கிறது. விதையை மட்டும் தட்டிவிட்டு வெள்ளையை விட்டுவைத்தால் காரம் குறையவே குறையாது.

காந்தாரியை வெட்ட வேண்டாம், முழுதாகவே போடலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் கத்தி நுனியால் ஒரு சின்னக் கீறல் போட வேண்டும், அல்லது பல்குத்தும் குச்சியால் இரண்டு இடத்தில் துளைக்க வேண்டும். சலிப்பான வேலைதான். இதைச் செய்யாவிட்டால் தோலுக்கு வெளியே வினிகரும் உள்ளே காற்றுமாக மிளகாய் மிதந்துகொண்டே கிடக்கும். புளிப்பு நடுவரை போய்ச் சேராது. ருசிக்கு மட்டுமல்ல, முன்னே சொன்ன பாதுகாப்புக்கும் இந்தக் கீறல் அவசியம். டி.வி.யில் ஏதாவது ஓடவிட்டுக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும்.

கொதிக்கவைத்து ஊற்றுவது

பாட்டிலின் அடியில் நல்லமிளகு, கடுகு, கிராம்பு, இரண்டாகக் கீறிய பூண்டு ஆகியவற்றைப் போடுங்கள். மேலே மிளகாயை நிரப்புங்கள். அழுத்தித் திணிக்காமல், பாட்டிலை உள்ளங்கையில் தட்டித் தட்டி அமரவிடுங்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் இருக்கட்டும்.

வினிகர், தண்ணீர், உப்பு, சர்க்கரை நாலையும் எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்பில் ஏற்றுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வினிகர் ஆவி தொண்டையைக் கமறச் செய்யும். உப்பு கரைந்து, ஒரு கொதி வந்ததும் அணைத்துவிடுங்கள். வெகுநேரம் கொதிக்கவிட்டால் அளவு கணக்கு மாறும். மிளகாயை மட்டும் இந்தப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். ஒன்று, வெந்து குழையும். இரண்டாவது, அந்தப் புகையில் வீட்டில் யாரும் உட்கார முடியாது, பக்கத்து வீட்டிலிருந்தும் இருமல் சத்தம் கேட்கும்.

அணைத்தபின் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மெல்லிய தோலுள்ள மிளகாய் அரைவேக்காடாகிவிடும். முழுக்க ஆறியபின் ஊற்றினால் மசாலா வாசம் இறங்கத் தாமதமாகும். பஜ்ஜி மிளகாய் தடிமனானது, அதற்குச் சூடு கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். பாட்டிலை ஈரத்துணி மீதோ கல் மேடை மீதோ வைக்காமல் மரப்பலகை மீது வைத்து, உள்ளே ஒரு நீளக் கரண்டியை நிறுத்தி, அதன் மேல் பட்டு வழியும்படி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பாதி ஊற்றி நிறுத்தி, கரண்டிக் காம்பால் ஓரங்களில் குத்திக் காற்றுக் குமிழிகளை விடுவியுங்கள். பிறகு மிச்சத்தையும் ஊற்றுங்கள். மிளகாய் எல்லாம் மூழ்க வேண்டும். கலவை போதவில்லை என்றால் அதே இரண்டுக்கு ஒன்று கணக்கில் இன்னும் கொஞ்சம் தயாரித்து ஊற்றுங்கள். வெறும் தண்ணீரால் நிரப்பிவிடாதீர்கள்.

வட்டங்கள் மேலே மிதக்கும். பெரிய வெங்காயத்தில் தடிமனான ஒரு வில்லையை வெட்டி, பாட்டில் கழுத்தின் உள்ளே குறுக்காகச் செருகிவிடுங்கள். மிளகாய் கீழேயே நிற்கும், அந்த வில்லையையும் பின்னால் சாப்பிட்டுக்கொள்ளலாம். மூடியைத் தளர்வாக வைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். போட்ட தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுவது நல்லது.

எப்போது சாப்பிடலாம்

வட்டமாக வெட்டியது மறுநாளே சாப்பிடத் தக்கதாகிவிடும். மூன்றாம் நாள் உப்பும் புளிப்பும் கலந்து ஒரு நிதானத்துக்கு வரும். முழுக் காந்தாரிக்கு ஒன்றரை வாரமாவது பொறுமை வேண்டும். அதற்கு முன் கடித்தால் காரம் தனி, புளி தனி என்று நிற்கும். நாளாக நாளாகக் காரத்தின் ஒரு பகுதி திரவத்துக்கு இறங்கும். ஆனால் காந்தாரி பூனைக்குட்டி ஆகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உலர்ந்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும். கை விட்டோ, சோற்றுக் கரண்டியாலோ எடுத்தால் இரண்டு மாதம் இரண்டு வாரமாகச் சுருங்கும். சாப்பாட்டு மேசையில் வேண்டிய அளவு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டிலை உள்ளே வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் சில மணி நேரம் போனால் கவலையில்லை, ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் இந்த ஊறுகாயை மாங்காய் ஊறுகாய் போல அலமாரியில் வைக்கக் கூடாது. பார்சலில் துபாய்க்கு அனுப்பவும் கூடாது. பிள்ளைக்கு அனுப்ப வேண்டுமென்றால் மோர் மிளகாயே போடுங்கள், வெயில் கிடைத்தால்.

பயப்பட வேண்டியதும் வேண்டாததும்

பச்சை மிளகாய் ஓரிரு நாளில் பளிச்சென்ற பச்சையை இழந்து, ஆலிவ் காய் நிறத்துக்கு வந்துவிடும். பச்சையத்தில் உள்ள மக்னீசியம் அமிலத்தில் விலகிவிடுவதால் வரும் மாற்றம் அது. கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. கடையில் கிளிப்பச்சையாக இருக்கும் ஊறுகாயைப் பார்த்தால் நிறம் சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளைப் பாருங்கள்.

பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் நிறையப் பேர் பாட்டிலோடு கொட்டிவிடுகிறார்கள். கொட்ட வேண்டாம். பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் வினைபுரிந்து இப்படி நிறம் தரும். தாராளமாகச் சாப்பிடலாம்.

கொட்ட வேண்டியது வேறு. பாட்டிலுக்குள் தானாகக் குமிழி வந்துகொண்டே இருந்தால், மூடி உப்பினால், திறக்கும்போது ‘புஸ்’ என்று சீறினால், திரவம் கொழகொழவென்று நூல் இழுத்தால், மேலே பஞ்சு போலப் பூஞ்சை தெரிந்தால் முழுதையும் எறியுங்கள். மேல்பகுதியை மட்டும் வழித்துவிட்டு ருசி பார்க்கும் வேலையே வேண்டாம். பெரும்பாலும் தண்ணீர் கூடிப்போனதோ, ஈரக் கரண்டியோதான் காரணமாக இருக்கும்.

இன்னொன்று. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ மேலே ஊற்றி வைக்கலாமா என்று ஊறுகாய்ப் பழக்கத்தில் கேட்பார்கள். இதற்கு வேண்டாம். மேலே மிதக்கும் பூண்டு எண்ணெய்க்குள் சிக்கிக்கொண்டால் அதை வினிகர் எட்டாது. காற்றும் இல்லை, புளிப்பும் இல்லை என்ற அந்த இடம்தான் ஆபத்தானது. எண்ணெய் வாசம் வேண்டுமென்றால் பரிமாறும்போது கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள்.

எதோடு சாப்பிடுவது

இதற்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்தால், ஊறிய காந்தாரி ஏழெட்டு எடுத்து, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஒரு கைப்பிடியோடு அம்மியில் நசுக்கி, கல்லுப்பு கொஞ்சமே கொஞ்சம் வைத்து, பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசையுங்கள். ஊறுகாயிலேயே உப்பு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். புளிப்பு ஏற்கெனவே உள்ளே இருப்பதால் புளி தேவையே இல்லை. சாளை மீன் குழம்பும் பக்கத்தில் இருந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

சிவப்பரிசிக் கஞ்சிக்கும் சிறுபயறுக்கும் நீள மிளகாய் வட்டங்கள் பொருந்தும். பஜ்ஜி மிளகாய் வட்டங்கள் முட்டை தோசையிலும் பிள்ளைகளின் பிரட்டிலும் போகும். நெத்தோலி பொரித்த தட்டில் எலுமிச்சைத் துண்டுக்குப் பதில் இதை வைத்துப் பாருங்கள். மாங்காய்க் காலத்தில் மிளகாயில் கால் பங்கைக் குறைத்துவிட்டு, அந்த எடைக்குப் பச்சை மாங்காய்க் கீற்று சேர்த்துப் போடலாம். கேரட்டும் அப்படியே. திரவத்தின் கணக்கு மட்டும் மாறக்கூடாது.

மிளகாய் தீர்ந்தபின் மிஞ்சும் திரவத்தில் புதிய மிளகாயைப் போட்டு இரண்டாம் ஈடு எடுக்கலாம் என்று தோன்றும். முதல் ஈட்டு மிளகாயின் நீர் கலந்து அதன் புளிப்பு ஏற்கெனவே இறங்கியிருக்கும், அதனால் கூடாது. ஆனால் அதைக் கொட்டவும் வேண்டாம். மீன் பொரிக்க மசாலா குழைக்கும்போது தண்ணீருக்குப் பதில் இதில் இரண்டு கரண்டி விடுங்கள். பிரியாணிக்கு வெட்டிய வெங்காயத்தில் தெளித்துப் பத்து நிமிடம் வையுங்கள். சாம்பாரில் உப்பும் காரமும் ஒருசேரக் குறைந்த நாளில் அரைக் கரண்டி சேர்த்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.